நாலரைச் சாண் தூரம்

உஸ்கென் ஊரில் யாராவது மௌத்தானால் முதல் ஆள் இமாம் வீட்டுக்கு ஓடுவதில்லை. பஜாருக்குப் பின்னால், செருப்புத் தைப்பவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் சந்தில் மரிபாவின் விமான டிக்கெட் கடை இருக்கிறது; அங்கேதான் ஓடுவான். பிள்ளைகள் எல்லோரும் ரஷ்யாவில் இருக்கிறார்கள். ஒருவன் மாஸ்கோவில் சாந்து குழைக்கிறான், ஒருவன் சைபீரியாவில் சாமான் இறக்குகிறான். பெற்ற பிள்ளை வந்து மூன்று பிடி மண் போடாமல் தகப்பனை எப்படிப் புதைப்பது? அவன் எத்தனை மணிக்கு வந்து சேருவான் என்று மரிபா சொன்ன பிறகுதான் ஜனாஸாத் தொழுகையும் அடக்கமும் எப்போது என்பது முடிவாகும். "தொழுகை வைக்கிறது இமாம், நேரம் வைக்கிறது மரிபா" என்று ஊரில் கேலியாகச் சொல்வார்கள். இமாமின் காதிலும் அது விழுந்திருக்கிறது. அவர் சிரித்ததாக யாரும் பார்த்ததில்லை.

மரிபாவிடம் கம்ப்யூட்டர் இருந்தது. ஆனால் அவள் நம்பியது சுவரில் தொங்கிய பழைய வரைபடத்தை. சோவியத் காலத்துப் பள்ளிக்கூட வரைபடம் அது, ஓரமெல்லாம் கிழிந்து டேப் ஒட்டியது. அதில் அவள் கையால் ஒரு சாண் என்றால் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர், விமானத்தில் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. ஓஷ் விமான நிலையத்தில் கட்டை விரலை ஊன்றி மேற்கே மூன்று சாண் போனால் மாஸ்கோ. வடக்கே ஒன்றே முக்கால் சாண் போனால் நோவோசிபிர்ஸ்க். வருகிறவர்கள் அவள் கையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வானத்தில் போகிற நேரத்தைச் சொல்ல எந்தக் கம்ப்யூட்டரும் போதும். பாஸ்போர்ட் வரிசையில் நிற்கிற நேரம், பெட்டி வருகிற நேரம், ஓஷிலிருந்து உஸ்கெனுக்கு டாக்சிக்காரன் வழியில் நிறுத்தி ரொட்டி வாங்குகிற நேரம், இதையெல்லாம் கூட்டிச் சொல்ல அவளால்தான் முடியும்.

நேரக் குழப்பத்தையும் அவள்தான் தீர்க்க வேண்டும். ஒரு கிழவர் ஒருநாள் இரண்டு டிக்கெட்டுகளைக் கொண்டுவந்து மேஜையில் போட்டார்.

"ஏம்மா, என் பையன் போறப்ப எட்டு மணிக்குக் கிளம்பி ஒன்பதுக்கு மாஸ்கோ போயிட்டான். வர்றப்ப அதே தூரத்துக்கு ஏழு மணி நேரம் போட்டிருக்கே. பைலட்டு குடிச்சிட்டு வழி தெரியாம சுத்துறானா?"

"ரெண்டும் நாலு மணி நேரம்தான் தாத்தா. அங்க கடியாரம் மூணு மணி பின்னாடி ஓடுது."

"அப்படியா? நான் வேற மாதிரி நெனச்சேன். போறது சுளுவு, வர்றதுதான் கஷ்டம்னு."

மரிபாவுக்கு அன்று சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போய்க் கணவன் எர்கேஷிடம் சொன்னாள். அவரும் சிரித்தார். பிறகு, "கெழவன் சொன்னது சரிதான்" என்றார்.

எர்கேஷ் மண் ஏற்றும் லாரி ஓட்டியவர். நெஞ்சுவலி வந்த பிறகு வீட்டோடு இருந்தார். இருபது வயதில் பட்டாளத்தில் சைபீரியாவின் கடைசிக் கோடியில் இருந்தபோது அவர் தகப்பனார் இறந்துபோனார். தந்தி ஒன்பது நாள் கழித்து வந்தது. மண் போடக் கிடைக்காத மகன் என்கிற குறை அவரை விடவே இல்லை. யார் வீட்டு ஜனாஸா என்றாலும் முதல் ஆளாகப் போய்த் தன் தகப்பனுக்குப் போடுகிற மாதிரி மண் போடுவார். அவருக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. மகன் குபாத் கையால் தனக்கு மண் விழ வேண்டும். அதை ஒளித்துச் சொல்கிற ஆளும் அவர் இல்லை. பிலாவ் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே சொல்வார், மரிபா கையை ஓங்குவாள்.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களின் ஒரு குணத்தைச் சொல்லியாக வேண்டும். தூரத்தில் இருக்கிறவனுக்குச் சாவுச் செய்தியை யாரும் நேராகச் சொல்ல மாட்டார்கள். சாவு வீட்டு முற்றத்தில் போடுகிற கூடாரத்தில் தகப்பன் மையித்தாகக் கிடப்பார். மகனுக்கு ஃபோன் போட்டு, "அப்பாவுக்கு லேசா சளி, உன்னைப் பாக்கணும்ங்கிறார்" என்பார்கள். வழியில் தனியாக உடைந்துபோய்விடுவானாம். அவனை ஓஷ் விமான நிலையத்தில் கூட்டிவரப் போகிற சித்தப்பனோ பெரியப்பனோ கையில், துக்கத்துக்குக் கட்டுகிற இடுப்புக் கச்சையோடு போவார். கச்சையைப் பார்த்ததும் பையனுக்கு விளங்கிவிடும். அங்கேயே அதைக் கட்டிக்கொண்டு அழுதபடி ஊருக்கு வருவான். இது அன்பு என்று ஊரே நம்புகிறது. என்னைக் கேட்டால் பாதி அன்பு, பாதி கோழைத்தனம். நானும் சொன்னதில்லைதான்.

மரிபாவும் முதலில் ஊரோடு ஒத்துப் போனவள்தான். மிர்பேக் என்ற பையன் வந்து அதை மாற்றினான். சுர்குத் நகரத்தில் வெல்டிங் வேலை செய்தவன். அவன் அம்மா மரிபாவின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருக்க, அவன் ஃபோனில் கேட்டான்.

"அக்கா, நாளைக்கு டிக்கெட் ரொம்ப விலையா இருக்கே. மூணு நாள் கழிச்சு ஒண்ணு பாதி விலைக்கு இருக்கு. அப்பாவுக்குச் சளிதானே? அதுல வந்தா போதுமில்ல?"

மரிபா அவன் அம்மாவைப் பார்த்தாள். அந்த அம்மாள் முகத்தை மூடிக்கொண்டு, சொல்லிவிடாதே என்று தலையை ஆட்டினாள். மரிபா, "உன் இஷ்டம் தம்பி" என்று சொல்லிவிட்டாள். அவன் மூன்று நாள் கழித்து, புதைத்த இடத்தில் மண் காய்ந்த பிறகு வந்தான். ஏழாம் நாள் முடிந்து நேராகக் கடைக்கு வந்து நின்றான்.

"அக்கா, அன்னைக்கு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"மறுநாள் டிக்கெட்டுல எடம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவன் திட்டவில்லை. மேஜை மேல் இருந்த பேனாவை எடுத்துப் பார்த்து, மறுபடியும் அதே இடத்தில் வைத்துவிட்டுப் போனான். மரிபா இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை. திறந்தபோது ஒரு சட்டத்தோடு திறந்தாள். பிள்ளைக்கு உண்மையைச் சொன்னால்தான் டிக்கெட். நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்லுவேன்.

சொல்லவும் சொன்னாள். முப்பது, நாற்பது பேருக்கு அந்தச் செய்தி அவள் குரலில்தான் போயிருக்கிறது. "தம்பி, உட்காந்துக்கோ. உங்க அப்பா இன்னைக்கு விடியக்காலைல மௌத்தாயிட்டார். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு ஃப்ளைட் இருக்கு. பாஸ்போர்ட்டை எடுத்து வச்சுக்கோ. வழியில எங்கேயும் நிக்காதே." இவ்வளவுதான். ஊர் அவளுக்குக் கரிவாய் என்று பேர் வைத்தது. பெண்கள் அவள் எதிரே வந்தால் சந்து மாறிப் போனார்கள். ஆனால் வீட்டில் சாவு என்றால் கரிவாயிடம்தான் வந்தார்கள், ஏனென்றால் அவள் சொன்ன பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள்.

எல்லாரையும்விட அதிகம் கோபப்பட்டவர் எர்கேஷின் அண்ணன் மமசாலி. குடும்பத்துக்குப் பெரியவர், ஆட்டு வியாபாரம் செய்தவர்.

"உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா மரிபா? பச்சப்புள்ளைங்க, அந்நிய ஊர்ல தனியா கிடக்குதுங்க. அப்பன் செத்தான்னு ஆட்டு விலை சொல்ற மாதிரி சொல்றியே?"

"சளின்னு சொல்லிக் குழியை மூடினப்புறம் வரவைக்கிறது ஈரமா அத்தான்?"

"வாய் பேசுறா பாரு" என்று அவர் தம்பியைப் பார்த்தார். எர்கேஷ் தேநீரை ஊதிக்கொண்டே, "எனக்கு ஒண்ணுன்னா என் பையனுக்கு இவ சொல்லட்டும் அண்ணா. வேற யார் சொன்னாலும் அவன் லேட்டா வருவான்" என்றார். பிறகு மனைவியிடம் திரும்பி, "சொல்லுவே இல்ல?" என்று கேட்டார்.

"சொல்லுவேன். மொதல்ல நீங்க அந்த வெண்ணெயைக் கொஞ்சமா தின்னுங்க" என்றாள் மரிபா.

மகன் குபாத் அப்போது சைபீரியாவில் யாகுத்ஸ்க்குக்கு அப்பால் ஒரு தங்கச் சுரங்கத்துக்கு லாரி ஓட்டினான். குளிர்காலத்தில் அங்கே சாலையே கிடையாது. உறைந்த ஆற்றின் மேல்தான் ஓட்ட வேண்டும். வீட்டிலிருந்து அவன் நாலரைச் சாண் தூரத்தில் இருந்தான். ஒன்றே முக்கால் நோவோசிபிர்ஸ்க் வரைக்கும், அங்கிருந்து கிழக்கே இரண்டே முக்கால். வரைபடத்தின் அந்த மூலை மட்டும் மரிபாவின் விரல் பட்டுப் பட்டு வெளுத்துப் போயிருந்தது. வாடிக்கையாளர்கள் யாரும் அந்தப் பக்கம் போகிறவர்கள் இல்லை.

மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எர்கேஷ் தேநீர்க் கிண்ணத்தை நீட்டினார். மரிபா ஊற்றித் திருப்பி நீட்டியபோது வாங்கிக்கொள்ள அவர் இல்லை. சாய்ந்து உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

மரிபா கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு மணி பத்து நிமிடம். அழுகை வருவதற்கு முன்னால், அவர் கண்ணைத் தன் கையால் மூடிவிடுவதற்கும் முன்னால், அவள் மனம் கூட்டத் தொடங்கிவிட்டது. யாகுத்ஸ்க்கில் பதினொன்று பத்து. சுரங்கத்திலிருந்து அந்த நகரத்துக்கு லாரியில் ஒன்பது மணி நேரம். நாளைக் காலை விமானம். நோவோசிபிர்ஸ்க்கில் இறங்கி, இரவு அங்கே. வியாழன் விடியற்காலை விமானம், எட்டு மணிக்கு ஓஷ், ஒன்பதரைக்கு வீடு. மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். எல்லாம் சரியாக வந்தது. வந்ததே என்று அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அப்புறம்தான் அவர் கண்ணை மூடினாள், அப்புறம்தான் கத்தினாள்.

மமசாலி வந்தார். தம்பியின் நெற்றியில் கை வைத்துக் குலுங்கி அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பையனுக்கு நீயே சொல்றியாம்மா?" என்றார். கேலி இல்லை அதில். வழக்கம்போல ஒரு குத்தல் வைத்திருந்தால் அவளுக்கு ரோஷம் வந்து சொல்லியிருப்பாளோ என்னவோ.

ஃபோனை எடுத்தாள். குபாத் லாரிக்குள் இருந்தான். எஞ்சின் சத்தம் கேட்டது.

"அம்மா? என்னம்மா இந்நேரத்துல?"

அவள் மனதில் அந்த ஆறு வந்து நின்றது. மார்ச் மாதத்துப் பனிக்கட்டி மேலே வெள்ளையாக இருக்கும், அடியில் இளகியிருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு லாரி அதற்குள் போனது. ஓட்டியவன் வயது இருபத்தாறு. அந்தப் பாதையில் இவன் ஒன்பது மணி நேரம் தனியாக, கண் நிறையத் தண்ணீரோடு ஓட்டிக்கொண்டு வர வேண்டும்.

"அப்பாவுக்கு நெஞ்சு கொஞ்சம் சரியில்லைடா" என்றாள் மரிபா. "படுத்திருக்கார். உன்னைப் பாக்கணும்ங்கிறார்."

"ஃபோனைக் குடு அவர்கிட்ட."

"தூங்குறார்."

"சரி, நான் வர்றேன். டிக்கெட் போடு. அவரைக் கோபப்படுத்தாதே."

"மெதுவா ஓட்டுடா. ஆத்துல மெதுவா ஓட்டு."

நோவோசிபிர்ஸ்க்கில் இறங்கியதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். இது சத்தியம். அங்கே ஆறு இல்லை, லாரி இல்லை, அங்கே சொல்லலாம். புதன்கிழமை அவன் அங்கே இறங்கிவிட்டான் என்று தெரிந்தபோது, ஒரு ராத்திரி பூராவும் விமான நிலைய நாற்காலியில் தனியாக உட்கார்ந்து அழுவானே என்று தோன்றியது. காலையில் ஓஷில் பெரியப்பா கட்டிப்பிடித்துச் சொன்னால் ஆகாதா? முப்பது நாற்பது தாய்மார்கள் அவள் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து சொன்ன அதே வார்த்தைகள்தான். அவர்களை எல்லாம் எத்தனை ஏசியிருக்கிறாள்.

முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழும்பியது. உள்ளே திரைக்குப் பின்னால் எர்கேஷ் கிடந்தார். விதவை கறுப்புத் துணி போர்த்தி, வந்தவர்களுக்கு முதுகைக் காட்டி, கூடாரச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைக்க வேண்டும். ஃபோன் பேசக் கூடாது, எழுந்து நடமாடக் கூடாது. மமசாலியின் மகள் ஐபெரி, "குடுங்க சித்தி, நான் பாத்துக்கிறேன்" என்று ஃபோனை வாங்கிக்கொண்டு போனாள். அடுப்படியில் ஐந்நூறு பேருக்குப் போர்சோக் என்கிற மாவுப் பலகாரம் பொரித்துக்கொண்டிருந்தார்கள். ஃபோன் மாவு மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்தது. சார்ஜ் தீர்ந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை.

மகனுக்கு யாரும் சொல்லக் கூடாது என்று ஊருக்கே சொல்லியாகிவிட்டது. மற்ற விஷயங்களில் வாய் நிற்காத ஊர் இந்த ஒன்றில் மட்டும் பூட்டுப் போட்ட மாதிரி இருக்கும். நோவோசிபிர்ஸ்க்கில் குபாத்தைச் சந்தித்து வீட்டுக்குக் கூட்டிப் போய்ச் சோறு போட்டவன் எங்கள் ஊர்க்காரன்தான். அவனுக்குத் தெரியும். அவனும் சொல்லவில்லை.

வியாழன் காலை மமசாலி கையில் இடுப்புக் கச்சையும் கம்பளிக் குல்லாவும் எடுத்துக்கொண்டு ஓஷுக்குப் போனார். எட்டு மணிக்கு விமானம் சரியாக இறங்கியது. ஒருவர் பின் ஒருவராக வெளியே வந்தார்கள். பாஸ்போர்ட் வரிசையில் மாட்டிக்கொண்டிருப்பான் என்று நின்றார். பெட்டி வராமல் நிற்கிறான் போலிருக்கிறது என்று நின்றார். பத்து மணிக்குக் கதவைப் பூட்டிவிட்டு ஆட்கள் தரையைத் துடைக்க வந்தபோது ஐபெரிக்கு ஃபோன் போட்டார்.

"அவன் வரல."

அப்போதுதான் மரிபாவின் ஃபோனைத் தேடி எடுத்து, மாவைத் துடைத்து, சார்ஜில் போட்டார்கள். நேற்றுச் சாயங்காலமே குபாத் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தான். ஐபெரி அதைக் கூடாரத்துக்குள் கொண்டுவந்து, என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் அழுத்திவிட்டாள். ஒப்பாரி நின்றது. அத்தனை பெண்களுக்கும், திரைக்குப் பின்னால் கிடந்தவருக்கும் நடுவில் குபாத்தின் குரல் கலகலவென்று வந்தது.

"அம்மா, திட்டாதே. டிக்கெட்டை நானே மாத்திட்டேன், உன் பையனுக்கு அது கூடத் தெரியாதா? வெள்ளிக்கிழமை காலைல வர்றேன். ஒரே ஒரு நாள்தான் லேட்டு. இங்க ஒரு பெரிய ஹார்ட் ஆஸ்பத்திரி இருக்கு. அப்பாவோட பழைய ரிப்போர்ட் எல்லாம் என் ஃபோன்ல இருந்துச்சு, காமிச்சேன். நாளைக்கு மத்தியானம் பெரிய டாக்டர் பாக்கிறேன்னு சொல்லியிருக்கார். சரி பண்ணிடலாமாம்மா. அப்பாகிட்ட சொல்லு, சரி பண்ணிடலாம்னு. வெறுங்கையோட வந்து அவர் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நான் என்ன பண்றது? மருந்தோட வர்றேன். அவரை வெண்ணெய் திங்க விடாதே."

மரிபா சுவரைப் பார்த்து உட்காரும் முறையை மறந்தாள். திரும்பி, எழுந்து, கறுப்புத் துணி தோளிலிருந்து நழுவ வெளியே வந்தாள். ஆண்கள் துக்க முறைப்படி வரிசையாகக் கம்பை ஊன்றி நின்ற இடத்துக்கே வந்துவிட்டாள். குபாத்துக்கு ஃபோன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குள் போயிருப்பான். மறுபடியும் போட்டாள். எத்தனை தடவை என்று ஐபெரிக்கே கணக்கு விட்டுப்போயிற்று.

மமசாலி ஓஷிலிருந்து திரும்பி, காரை விட்டு இறங்கினார். கச்சை கையிலேயே இருந்தது.

"அத்தான், ஒரு நாள். நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு இறங்கிடுவான். ஒன்பதரைக்கு இங்க இருப்பான். ஒரு நாள் மட்டும் குடுங்க."

"மரிபா..."

"நான் சொன்ன நேரம் எப்பவாவது தப்பியிருக்கா? சொல்லுங்க. எத்தனை பேரோட புள்ளைங்களைக் கொண்டுவந்து சேத்திருக்கேன்? என் புள்ளைக்கு ஒரு நாள் குடுக்க மாட்டீங்களா?"

மமசாலி இமாமைப் பார்த்தார். இமாம் கெட்டவர் இல்லை. இரண்டு ராத்திரியே அதிகம், வெயிலும் ஏறிவிட்டது, மையித்தைக் காக்க வைப்பது அவருக்கே வேதனை என்றார். குழி வெட்டியாகிவிட்டது. மூன்று பள்ளத்தாக்குகளிலிருந்து சனம் வந்து நின்றது. குதிரைக் கறி வெந்துவிட்டது. மமசாலி சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாமல் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். அவர் கண் சொல்லிவிட்டது.

"தப்பு என்னோடது" என்றாள் மரிபா. "அவர் என்கிட்டதான் கேட்டார். சொல்லுவேன்னு சொன்னேன்."

"உள்ள போம்மா. நாங்களும்தான் சொல்லல."

"அவனோட மூணு பிடி மண்ணையாவது வெளியில வைங்க. மூடிடாதீங்க அத்தான். அவனுக்குன்னு தனியா வைங்க."

"வைக்கிறேன்" என்றார் மமசாலி. லுஹர் முடிந்து தூக்கிக்கொண்டு போனார்கள். மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. மரிபா வாசல் கதவு வரைக்கும் போனாள்.

ஆண்கள் இன்னும் திரும்பவில்லை. அப்போது ஃபோன் அடித்தது.

"என்னம்மா இத்தனை தடவ கூப்பிட்டிருக்கே? டாக்டரைப் பாத்துட்டேன். மாத்திரை எழுதிக் குடுத்தார், வாங்கிட்டேன். வசந்தத்துல கூட்டிட்டு வரச் சொன்னார், ஆபரேஷன்..."

"குபாத், உட்காந்துக்கோ."

அம்மா மற்ற பிள்ளைகளுக்கு எப்படித் தொடங்குவாள் என்று அவனுக்குத் தெரியும்.

"அப்பா செவ்வாய்க்கிழமையே மௌத்தாயிட்டார்."

"செவ்வாயா? நீ எனக்கு ஃபோன் பண்ணினப்பவா?"

"ஆமா."

"தூங்குறார்னு சொன்னியே?"

"பொய் சொன்னேன்டா."

"இன்னைக்குக் காலைல வந்திருந்தா?"

"பாத்திருப்பே" என்றாள் மரிபா.

அவன் ஃபோனை வைக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் கார்கள் போகிற சத்தம் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை சொன்ன நேரத்துக்கு வந்தான். ஒன்பதரைக்கு. தகப்பனை இழந்த மகன் வாசலிலிருந்தே "அப்பாவே" என்று ஓலமிட்டபடி ஓடி வர வேண்டும். ஊர் அதற்காகக் காத்து நின்றது. குபாத் கச்சையைக் கட்டியிருந்தான். ஆனால் சத்தமே இல்லாமல் நடந்து வந்தான், கையில் மருந்துக்கடைப் பையோடு. மமசாலி அவனை நேராக மையவாடிக்குக் கூட்டிப்போனார். மேட்டின் கால்பக்கம், எர்கேஷின் பழைய குல்லாவால் மூடி, மூன்று பிடி மண் இருந்தது. குபாத் அதை எடுத்து மேலே தூவினான். உள்ளே போயிருக்க வேண்டிய மண். காற்றில் பாதி பறந்து புல்லில் விழுந்தது என்று மமசாலி பிற்பாடு சொன்னார். அதைச் சொல்லிவிட்டு அழுதார்.

நாற்பதாம் நாள் முடியும்வரை குபாத் இருந்தான். அம்மாவிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. விறகு பிளந்தான், கூரை ஒழுகிய இடத்தை அடைத்தான். மருந்துப் பை ஜன்னல் ஓரத்திலேயே இருந்தது. அதை எடுத்து எறிய இருவருக்கும் கை வரவில்லை.

புறப்படுகிற நாளன்று கடையில் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். மரிபா அவன் டிக்கெட்டை அச்செடுத்து நீட்டினாள். அவன் அதை வாங்கிக்கொண்டு சுவரில் வெளுத்துப்போன அந்த மூலையைப் பார்த்தான்.

"ஆத்துல போறேன்னு பயந்துட்டியாம்மா?"

"ஆமாண்டா."

"தெரியும். ஐபெரி சொன்னா." டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "ஒண்ணு கேக்கணும். ஊர்ல உண்மை சொல்றது நீ ஒருத்திதான். நீயே எனக்குச் சொல்லல. நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா எனக்கு யாரும்மா சொல்லுவாங்க?"

மரிபா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. டாக்சிக்காரன் ஹாரன் அடித்தான்.

அன்று சாயங்காலமே மமசாலியைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"அத்தான், எனக்கு ஒண்ணுன்னா நீங்கதான் அவனுக்குச் சொல்லணும். எப்படிச் சொல்லுவீங்க, இப்ப சொல்லிக் காட்டுங்க."

"என்ன கூத்து இது?"

"சொல்லுங்க. குபாத், உங்க அம்மா செத்துட்டா. இவ்வளவுதான்."

மமசாலி வாயைத் திறந்தார். "குபாத்" என்றார். "குபாத், உங்க அம்மா..." குல்லாவைக் கழற்றி மடியில் வைத்தார். "கொஞ்சம் படுத்திருக்கா" என்று முடித்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மரிபா அவரைத் திட்டவில்லை. எழுந்துபோய் ஒரு டிக்கெட் உறையை எடுத்து, அதன் முதுகில் பேனாவால் எழுதினாள். மடித்து ஐபெரியிடம் கொடுத்தாள். ஐபெரி இப்போது அவளோடு கடையில் வேலை பார்க்கிறாள். அந்த நாள் வந்தால் படம் எடுத்து அனுப்பிவிடு, நீ எதுவும் பேச வேண்டாம், உன்னால் முடியாது என்றாள். ஐபெரி அதைப் பாஸ்போர்ட்டுகள் வைக்கும் இழுப்பறையில் அடியில் வைத்திருக்கிறாள். மரிபா இன்னும் அதே மேஜையில் உட்கார்ந்து சாண் போட்டு நேரம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். உறையில் இப்படி இருக்கிறது:

"குபாத், உட்காந்துக்கோ. அம்மா செத்துட்டேன். படுத்திருக்கேன்னு யார் சொன்னாலும் நம்பாதே. மருந்து எதுவும் வாங்காதே. ஆத்துல மெதுவா ஓட்டு. அப்புறம் வழியில எங்கேயும் நிக்காம வா."